வாலா, வாளா

பதிப்பகத்தின் பின்னறையில் மின்விசிறிக் காற்றுக்கு எழ முயலும் மெய்ப்புத் தாள்கள், மேலே வைத்த பசைப்புட்டியின் கனத்தில் மீண்டும் மீண்டும் அடங்குகின்றன. பிற்பகல் வெயில் தூசி படிந்த கண்ணாடி வழியே மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. மறைந்த கணவர் எழுதி முடித்தும் வெளியிடாமல் வைத்திருந்த மாயாஜால நாவலைக் காலையிலிருந்து வாசித்த களைப்பில், அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொள்கிறாள். கடைசி வரியின்மேல் மெய்ப்புத் திருத்துபவரின் சிவப்புப் பேனா தயங்குகிறது: ‘போர் முடிந்தது. அரசன் தன் வாலை அணைத்தபடி உறங்கிப்போனான்.’ “வாலா, வாளாம்மா? சாதாரணக் கதைன்னா கேட்டிருக்கவே மாட்டேன். இதுல மரம் பேசுது, ஆறு மலையேறுது. ராஜாவுக்கு மட்டும் வால் இருக்காதுன்னு நான் எப்படிச் சொல்றது?” “அவருக்கு லகர ளகரத் தகராறு கூடப் பிறந்தது சார். எனக்கு எழுதின முதல் கடுதாசியையே ‘அன்புல்ல’ன்னுதான் ஆரம்பிச்சார். அன்பு இல்லையாக்கும்னு நானும் பேசாம இருந்துட்டேன்.” திருத்துபவர் வாய்விட்டுச் சிரிக்கிறார்; அவளோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறாள். வாள் என்று திருத்தினால், ஒருவேளை, கணவருடைய கற்பனையையே வெட்டியதாகும். வால் என்றே விட்டால் ஊர் சிரிக்கும். மறுமொழி சொல்ல அவர் இல்லை. மாலையில் தாள்கள் அச்சுக்குப் போகின்றன. அவள் விரல் அந்த ஒற்றை எழுத்தை மெல்லத் தடவுகிறது. “வாலாவே இருக்கட்டும் சார்,” என்கிறாள். “வாளைக் கட்டிக்கிட்டுப் படுத்தா குத்தும். போரெல்லாம்தான் முடிஞ்சாச்சே, நல்லாத் தூங்கட்டும்.”