இட்டுக்கட்டிய பெண்

"மஞ்சள் குடைக்காரி பாட்டுப் பிறந்த கதையைச் சொல்லுங்கோ அங்கிள்," என்றார் வானொலி அறிவிப்பாளர்.

எட்வின் தொடங்கினார். மழை, ரயில் நிலையம், குடையை அவர் கையில் திணித்துவிட்டு நனைந்துகொண்டே போன பெண். பக்கத்தில் மனைவி பிலோமினா சிரித்த முகத்தோடு தலையாட்டினாள். அவரோடு அந்தப் பாட்டைப் பாடியவள் அவள்தான். குடை கொடுத்ததாகச் சொல்லும் அப்படியொரு பெண்ணே கிடையாது. நாற்பது வருடங்களுக்கு முன் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்களென்று இருவரும் சமையலறையில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய கதை. ரயில் நிலையம் அவருடைய யோசனை, குடை அவளுடையது. அதன்பிறகு எத்தனையோ பேட்டிகள்; ஒரு சொல் மாறியதில்லை.

இன்று எட்வின் வழக்கமான இடத்தில் நிறுத்தவில்லை. "செருப்பு வார் அறுந்து ஊசி குத்தியிருந்தவ. கொஞ்சம் தெத்துப்பல்லு. சிரிக்கேக்க எப்பவும் கையால வாயைப் பொத்துவா," என்றார். குரல் இளகியிருந்தது.

பிலோமினாவின் சிரிப்பு உறைந்தது. ஒரேயொரு தடவை பார்த்த பெண்ணை 'எப்பவும் பொத்துவா' என்று யார் சொல்வார்கள்?

அவள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பேரையும் சொல்லுங்கோவன்."

அறிவிப்பாளர் கலகலவென்று சிரித்தார். எட்வின் அவளைப் பார்க்காமல் பல்லவியைப் பாடத் தொடங்கினார். இரண்டாம் வரி அவள் பாட வேண்டியது. முதல் வரியையே அவர் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.