துண்டுக்குள் ராக்கெட் விலை

"பாதி வெலைன்னா பாதித் தூரத்துலயே வுழுந்துருமுங்களா தம்பி?"

பெருமாட்டி ஊர்த் தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதர் கேட்டதும் ஈஸ்வரமூர்த்தி சிரித்தான். அவரை அவன் இதற்குமுன் பார்த்ததில்லை. மேகத்துக்கு மேலே கருவி அனுப்ப ராக்கெட் தேடும் புரொபசர், இந்தத் தோப்பில் வந்து பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். 1976 கோடை, மேகமே இல்லை.

பகலில் கோயமுத்தூர்ப் பட்டறை, மாலையில் வகுப்பு. இரண்டுக்கும் நடுவே அவன் செய்த ராக்கெட் இது. இன்று வாங்க ஓர் ஆள் அமையாவிட்டால், நாளை முதல் பம்புசெட் வேலைதான் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

"வுழாதுங்க. பம்புக் குழாயிலயே செஞ்சுட்டோம். அதானுங்க வெலை கம்மி."

"வாடகை மிச்சம்னு கல்யாணச் சீரைப் பழகாத கன்னு பூட்டின வண்டியில ஏத்துவாங்களா? கருவியும் சேந்து வுழுந்து ஒடஞ்சு போச்சுன்னா?"

"கன்னும் ஒரு நாளைக்கு நுகத்தடிக்குப் பழகோணுமல்லங்க? மொதல்ல உப்பு மூட்டைய ஏத்திப் பாருங்க. சீரு அப்புறம்."

அவர் கண்கள் பளிச்சிட்டன. "அட, இது தோணலையே! சரி, இதுக்கு முன்ன ஆரு ஏத்துனாங்க?"

"நீங்கதானுங்க மொதப் போணி."

"எல்லாரும் ரெண்டாவது ஆளா வர்றேங்கறாங்களே!"

"ஒண்ணு மேல போகட்டும். அப்புறம் பாருங்க, வரிசையில நிப்பாங்க."

தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திக் காதைத் தீட்டினார்கள். ஈஸ்வரமூர்த்தியின் அப்பா மாட்டுத் தரகர். நாலு பேர் முன்னால் விலையை வாயால் சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. தோள் துண்டை உதறி இருவர் கைமேலும் போட்டான். மறைவில் அவருடைய மூன்று விரல்களைப் பிடித்தான். மூவாயிரம்.

அவர் அவனுடைய இரண்டு விரல்களை மட்டும் பிடித்தார்.

இரண்டாயிரம். செலவுகூடத் தேறாது. ஆனாலும் முதல் போணி! சம்மதமென்று அவர் கையை அழுத்தினான்.

"முடிஞ்சுதுங்க சார்! நாளைக்குக் காலையில கருவியக் கொண்டாந்துருங்க."

அவர் துண்டை மடித்து அவன் தோளிலேயே போட்டார்.

"புரொபசர் இன்னும் வரலீங்க தம்பி. நான் பொள்ளாச்சி காளிச்சாமி, அவருக்கு ராக்கெட் விக்கத்தான் நானும் குந்தியிருக்கறேன். ரெண்டாயிரங்கறது நான் விக்கற ராக்கெட்டோட வெலை. அதுக்கே இன்னும் ஒரு ஆளும் வரலீங்க!"