நிக்காத கதவு

"அவன் கை என் தம்பி மேல பட்டுதுன்னா, பாடை தூக்க ஒருத்தனும் வர மாட்டான். சொல்லிட்டேன்!"

தென்னூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்று பெரியப்பா போட்ட சத்தம், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்ற ஜெயக்குமாருக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் போட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன் லூர்துராணியைக் கல்யாணம் செய்துகொண்ட அன்றே வீட்டில் அவனைத் தலைமுழுகிவிட்டார்கள். இன்று அப்பா அழகிரி போய்விட்டார். செய்தி கேட்டு மன்னார்புரத்திலிருந்து ஓடிவந்தவனை வாசலிலேயே மறித்தது வேறு யாருமில்லை. கூடப் பிறந்த அண்ணன் முருகானந்தம்.

"அங்கேயே நில்லுடா. உள்ள கால் வச்சே, நடக்கறதே வேற!"

நின்றான். அழக்கூட வரவில்லை.

அமரர் ஊர்தி வேன் ரிவர்ஸில் வந்து நின்றது. டிரைவர் கியாசுதீன் இறங்கிப் பின்கதவை மேலே தூக்கினார். அவர் கையோடேயே அது கீழே வந்தது. மறுபடி தூக்கினார். மறுபடியும் வந்தது.

"கதவு நிக்காதுங்க. ரெண்டு பக்கமும் தாங்குற கேஸ் ராடு போயிடுச்சு. நான் உள்ள ஏறி ஸ்ட்ரெச்சரை இழுக்கணும். யாராவது கதவைத் தூக்கிப் பிடிங்க."

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்திருந்த முருகானந்தத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"சாவு வண்டி ஓட்டுற, இதைக்கூடப் பார்த்து மாத்த மாட்டியா? எங்கப்பா மேல கதவு விழுந்தா என்னய்யா பண்ணுவ? சோறுதானே திங்கிற?"

"தப்புதாங்க."

ஸ்ட்ரெச்சரைச் சுற்றி எல்லார் கையும் நிறைந்திருந்தது. பெரியப்பாவுக்குத் தோள்பட்டை வலி, கை மேலே எழும்பாது. கியாசுதீன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மரத்தடியில நிக்கிறாரே அந்தத் தம்பி, நல்ல உயரமா இருக்காரு."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் முருகானந்தம் கத்தினான். "எவனாவது வந்து பிடிச்சுத் தொலையட்டும்! எவ்வளவு நேரம் அப்பாவைச் சுமந்துக்கிட்டே நிக்கிறது?"

பெரியப்பா பல்லைக் கடித்தார். "கதவை மட்டும் பிடிக்கட்டும்."

ஜெயக்குமார் வந்து இரண்டு கையாலும் கதவைப் பிடித்தான்.

"ஒரு கை போதும் தம்பி" என்றார் கியாசுதீன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. கடைசியாகப் போன அப்பாவின் பாதம் அவன் சட்டையில் உரசியது. சில்லென்று இருந்தது.

"எறக்குறப்பவும் ஒரு ஆள் பிடிக்கணுங்களே" என்று கியாசுதீன் தலையைச் சொறிந்தார்.

"அப்ப இவனையே ஏத்திக்கிட்டு வா! எறக்கினதும் இவன் ஊருக்குள்ள நிக்கக் கூடாது!" என்று கத்திய முருகானந்தம், பெரியப்பாவைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப் போய்விட்டான்.

வேன் கிளம்பியது. காவிரிப் பாலம் வரைக்கும் ஜெயக்குமார் அப்பாவைத் தொடவில்லை. ஸ்ரீரங்கம் தாண்டும்போது கியாசுதீன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தார்.

கொள்ளிடத்தில் அவன் உடைந்தான். தாடையோடு சேர்த்துத் துணி கட்டியிருந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை திட்டிட்டாவது போயிருக்கலாமேப்பா" என்று அழுதான். திருவெள்ளறை வருகிறவரை அந்தக் கையை அவன் எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் பறைச் சத்தம். கதவைத் தூக்கிப் பிடித்தான். அம்மா மாரியாயி ஓடிவந்து அப்பா மேல் விழுந்தாள். விழுந்தவளின் ஒரு கை, பக்கத்தில் நின்ற இவன் சட்டையை இறுக்கிப் பிடித்தது. பெண்கள் அதைப் பிரித்தெடுத்து அவளை உள்ளே கொண்டுபோனார்கள். பின்னாலேயே அப்பாவும் போனார்.

"ஆச்சுல்ல? கிளம்பு!" என்றார் பெரியப்பா.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். ஜெயக்குமார் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"பாய், இந்த ராடை மாத்திடுங்க. நாளைக்கு யார் தலையிலயாவது விழப்போகுது."

"கையை விடுங்க தம்பி."

"விழுந்துடும் பாய்."

"விடுங்க."

விட்டான். கதவு அசையாமல் நின்றது. அண்ணாந்து பார்த்தான். இரண்டு ராடும் கறுகறுவென்று புதுசு. ஒரு சொட்டு ஆயில் கசிவு இல்லை.

"ஒண்ணை மட்டும் மாத்தினா கதவு கோணிக்கும்னு போன வாரம்தான் ரெண்டையும் மாத்தினேன்" என்றார் கியாசுதீன்.

ஜெயக்குமார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"முன்னப்பின்ன தெரியாத எனக்காக அத்தனை பேச்சு வாங்கினீங்களே பாய். கூடப் பொறந்தவனுக்கு இந்த ஈரம் இல்லையே!"

உள்ளேயிருந்து முருகானந்தத்தின் குரல் கேட்டது. "அந்த நாய் இன்னும் போகலையா?"

கியாசுதீன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"கும்பிட வேண்டியது என்னை இல்ல தம்பி. 'கதவு நிக்காதுன்னு சொல்லுங்க பாய், எப்படியாவது என் தம்பி அப்பா முகத்தைப் பார்க்கணும். எல்லார் முன்னாலயும் உங்களைக் கண்டபடி திட்டுவேன், மனசுல வச்சுக்காதீங்க'ன்னு வண்டிக்குப் போன் போட்டப்பவே கெஞ்சினது உங்க அண்ணன்தான்."