டப்பாவுக்குத் தெரிந்த ஒரே பெயர்

நானும் ரெக்ஸும் பிரிந்தபோது அவன் தன் கேம் கன்சோலை மறக்காமல் எடுத்துக்கொண்டான். அதை வைஃபையோடு சேர்க்கும் சின்ன அடாப்டர் மட்டும் என் பெட்டியில் வந்துவிட்டது. புது வீட்டில் ஹால் ரவுட்டரிலிருந்து என் அறைக்குச் சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கக் கூடாதென்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். என் அரதப்பழசான கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது. மறுநாள் ஆபீஸ் வேலைக்கு உட்கார்ந்தாக வேண்டும். சரியென்று அந்த அடாப்டர் டப்பாவைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். சிவப்பு விளக்கு. கழற்றிச் சொருகினேன், திட்டினேன், அதன் தலையில் ஒரு தட்டு தட்டினேன். சனியன், பழைய வீட்டு வைஃபையைத் தவிர வேறெதையும் ஏற்காதாம். மாற்றுவதென்றால் கன்சோல் வேண்டும். அதற்காக அவனிடம் போய் நிற்பதா? கடுப்பில் என் புது வைஃபைக்கே பழைய பெயரை வைத்தேன்: குட்டிப்பிசாசு. ரெக்ஸ் என்னைக் கூப்பிட்ட பெயர். பாஸ்வேர்டும் பழையதே. உடனே பச்சை எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடாப்டரைக் கேட்டு வந்தான். வெளியே போனால் டேட்டாவை அணைத்தே வைத்திருக்கும் கஞ்சன். அவன் பெல் அடிப்பதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போன் டிங் டிங்கென்று கத்த ஆரம்பித்தது. திறந்தேன். திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தானா கனெக்ட் ஆயிடுச்சு,” என்றான்.

“உன் டப்பாவுக்கு வேற பேரே தெரியல. என்னை என்ன பண்ணச் சொல்ற?”

உள்ளே வா என்று நான் சொல்லவே இல்லை. அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.