திருட்டுச் செம்பருத்தி

“கேட்டு வாங்குன செம்பருத்திக் கம்பு தழைக்காதுங்க. திருடித்தான் நடணும்!” என்றாள் தங்கபுஷ்பம்.

“தி.நகர்ல நகைக்கடை வெச்சிருக்கவன் பெண்டாட்டி திருட்டுல மாட்டினா, என் மானம் கப்பலேறிடும்டி!” நல்லசிவம் தலையில் அடித்துக்கொண்டார்.

மதியம் எதிர் ஃபிளாட் வாசலில் ஆளில்லை. நல்ல காலம், அடுக்குச் செம்பருத்தித் தொட்டியருகே கத்தரிக்கோலே கிடந்தது! ஒரு கிளையை நறுக்கியவள், பதற்றத்தில் கத்தரிக்கோலோடு ஓடிவந்துவிட்டாள்.

கம்பு துளிர்விட்ட அன்று எதிர் ஃபிளாட் லாவண்யா கதவைத் தட்டினாள். தங்கபுஷ்பம் தொட்டியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திறந்தாள்.

“துளிர்த்திடுச்சா அக்கா? தினம் என் செடியையே பார்த்துக்கிட்டு நிப்பீங்களே! கையால குடுத்தா வராதுன்னுதான் கத்தரிக்கோலை வெச்சிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன். கத்தரிக்கோலைத் திருப்பிக் குடுத்துடுங்க. இன்னிக்கு மூணாவது மாடி மாமி திருட வர்றாங்க!”