லூசியைப் பார்க்க வந்த டொக்டர்

"முயலுக்கு டொக்டரா? இனிக் கறி வெச்சாலும் அவியாது புள்ள, அவ்வளவு வயசு அதுக்கு!"

நல்லரத்தினம் சொன்னதைக் காதில் வாங்காமல் மகள் தக்ஷாயினி, மடியில் கிடந்த லூசியின் வாயருகே வல்லாரை இலையை நீட்டினாள். லூசி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இன்றோடு இரண்டு நாள், பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

"அம்மா வளத்த முயல் அப்பா."

நாவலடியில் நல்லரத்தினத்தின் மனைவியையும் வீட்டையும் சுனாமி கொண்டுபோன அன்று, முயல் கூடு மட்டும் வாவிக்கரைப் பற்றையில் சிக்கிக் கிடந்தது. உள்ளே லூசி, நனைந்து நடுங்கிக்கொண்டு. அதன் பிறகு அமிர்தகழியில் மனைவியின் காணியில் புது வீடு கட்டி வந்தார்கள். சண்டையும் முடிந்து ஒரு வருசமாகிவிட்டது. பழைய வாழ்க்கையில் தக்ஷாயினிக்கு மிஞ்சியது இந்தக் கிழட்டு முயல் ஒன்றுதான்.

அவள் போகாத இடமில்லை. ஒரு மிருக வைத்தியர் படிவத்தைப் புரட்டி, "மாடு இரிக்கி, ஆடு இரிக்கி, கோழி இரிக்கி. முயல் இல்லையே தங்கச்சி" என்று கைவிரித்தார். இன்னொருவர் ஆட்டு மருந்தில் எட்டில் ஒரு பங்கு கொடுக்கச் சொன்னார். எட்டு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு மதிப்புத்தான்" என்றார்.

"சரி புள்ள, அழாத. நம்மட சீனித்தம்பிக்கிட்டச் சொல்லிப் பாக்கன்" என்றார் நல்லரத்தினம். சீனித்தம்பி அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஏறாவூரிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை அவருடைய சைக்கிள் போகாத தெரு ஒழுங்கை கிடையாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கே தன்னாமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் டொக்டர் நிலோஜன் வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத சேட்டு, கையில் ஒரு பெட்டி.

லூசியின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். "கடவாய்ப் பல்லு முள்ளு மாதிரி வளந்து நாக்கில குத்துது. அதான் தின்னுதில்ல."

சின்ன அரம் ஒன்றை எடுத்துப் பத்தே நிமிடத்தில் பல்லை அராவி முடித்தார். தக்ஷாயினிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை இடம் போயும் ஒருவரும் லூசியின் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"வயசான முயலுக்கு மருந்தைவிட இருக்கிற இடந்தான் முக்கியம்" என்றபடி டொக்டர் எழுந்தார். "மாரி வெள்ளம் இஞ்ச எதுமட்டும் வரும்?"

"வாசல் படியோட நிண்டிரும் டொக்டர்."

"கிணத்துத் தண்ணி உவரா?"

"இல்ல, நல்ல தண்ணி."

"கூரையில பலகை அடிச்சிரிக்கா? வெக்கை முயலுக்கு ஆகாது."

"எல்லா அறைக்கும் அடிச்சிரிக்கி தம்பி!" என்று பின்னாலிருந்து நல்லரத்தினம் முந்திக்கொண்டு சொன்னார். முயலைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று தக்ஷாயினிக்கு விளங்கவில்லை. ஒருவேளை அவருக்கும் மனம் இளகியிருக்கலாம்.

டொக்டர் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஈரம் ஊறுகிறதா என்று மூலைகளைத் தடவினார். குளியலறைக் குழாயைத் திறந்து, "தண்ணி நல்ல வேகமா வருது" என்றார். பின்வளவு வேலி எதுவரைக்கும் என்று கேட்டு, அங்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, "ஓடித்திரியத் தாராளம்" என்று தலையாட்டினார்.

"வீட்டில வேற ஆக்கள் இரிக்காங்களா? அக்கா, தங்கச்சி?"

"இல்ல, நான் ஒராள்தான். ஏன் டொக்டர்?"

"சத்தம் கூடினா வயசான முயலுக்கு நெஞ்சு தாங்காது."

இப்படியும் ஒரு டொக்டர் இருப்பாரா என்று தக்ஷாயினி வியந்து நின்றாள். காசு கொடுக்கப்போனபோது, "வேணாம், வேணாம்" என்று கையை ஆட்டிவிட்டு அவர் புறப்பட்டுவிட்டார்.

பின்னேரம் லூசி ஒரு பிடி வல்லாரையைத் தின்று முடித்தது. அந்த நேரம் பார்த்துச் சீனித்தம்பியின் சைக்கிள் வந்து நின்றது. தக்ஷாயினி வாசலுக்கே ஓடினாள்.

"மாமா, நல்ல டொக்டர் ஒராளத்தான் அனுப்பியிரிக்கீங்க! லூசி சாப்பிடுது!"

"நான் அனுப்பினா லேசுப்பட்ட ஆளா வரும் மகள்?" என்று சிரித்துவிட்டு, சீனித்தம்பி நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "மச்சான், காரியம் சரி! பொண் பாக்க வாறம் எண்டா உன்ட மகள் கதவைச் சாத்திருவாள். முயலைச் சாட்டிக் கூட்டி வந்தது நல்லதாப் போச்சி. மாப்பிள்ளைக்கு வீடு வளவு எல்லாம் நல்லாப் பிடிச்சிரிக்கி. மேல ஒரு அறை கட்டி, வீடு வளவைச் சீதனமா உறுதி எழுதினாச் சரியாம்."

தக்ஷாயினி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நல்லரத்தினம் மகளைப் பார்க்காமல், "பிள்ளையைப் பத்தி என்ன சொன்னார்?" என்று மெல்லக் கேட்டார்.

"பிள்ளையையும் பாத்தவராம், குறை ஒண்டுமில்லையாம். ஆனா மனிசன் நாள் முழுக்க மாடு ஆட்டோட மாரடிக்கிறவர்தானே. வீட்டுக்குள்ள மிருகங்கள் கிடந்தா அவருக்கு ஒத்துக்காதாம். கலியாணத்துக்கு முதல் அந்த முயலை எங்கயாவது குடுத்திரச் சொன்னார்."