ஒன்பது மாதக் காதுமூடி

பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டது நான்தான். எல்லாப் பாத்திரமும் ரப்பராக மாறிவிட்ட வீட்டில், பேத்திக்கு ஆரத்தி எடுக்கிறேன் பேர்வழி என்று பரண்மேலிருந்து அதை எடுத்து, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி நழுவவிட்டேன். தொட்டிலருகே நின்றிருந்த என் மகள் அமுதினி அப்படியே சரிந்தாள். அவள் நெஞ்சுக்குள் பொருத்தியிருந்த மின்னதிர்ச்சிக் கருவி ஒரு உதை உதைத்து அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது.

இந்த இதயக் கோளாறு பரம்பரையாக வந்தது. கொடுத்த புண்ணியவான் நான். ஆணாகப் பிறந்ததால் சிறுவயதோடு என்னை விட்டுவிட்டது. அறுபத்திரண்டு வயதாகியும் என் குறட்டைகூட என்னை ஒன்றும் செய்ததில்லை. பெண்களைத்தான், பிள்ளை பெற்ற பிறகு, திடீர்ச் சத்தத்தில் பிடிக்கிறது. அதனால் அமுதினி போன்றவர்களுக்குப் பிரசவத்திலிருந்து ஒன்பது மாதம் காதுமூடி கட்டாயம். மெதுவான பேச்சை அது உள்ளே விடும். திடீரென்று வரும் எதையும் விழுங்கிவிடும், குழந்தையின் அழுகை உட்பட. பாப்பா அழும்போது அவள் பார்ப்பது திறந்த வாயை மட்டும்தான். கேட்பதெல்லாம் நான்.

விழுந்தபோது அவள் காதில் மூடி இல்லை.

“ஏம்மா கழட்டின?” என்று கேட்டேன்.

“அரிச்சுதுப்பா.”

மறுநாள் கேட்டதற்கு வேர்த்தது என்றாள். மூன்றாம் நாள், இனிமேல் கைக்குப் பஞ்சு உறை போட்டுக்கொண்டுதான் நடமாடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டு மறுபடியும் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“இவ குரல் எப்படியிருக்கும்னு ஒரே ஒரு தடவை கேக்கணும்போல இருந்துச்சுப்பா. அழுறதுக்கு வாயைத் திறந்தா. அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க.”